வெற்றி ஒன்றும் வாராக்கடன் அல்ல

தன் கல்லூரி அணி தோற்ற மறுநாள் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் அமெரிக்க ரசிகருக்குக் கிடைக்கும் முதல் ஆறுதல், எந்த நாட்டு ரசிகருக்கும் கிடைப்பதுதான்: “விளையாட்டுதானே, விடு.” சொல்பவரின் மனம் நல்ல மனம், ஆனால் நோயைத் தப்பாகக் கணித்துவிட்டுச் சொல்லும் வைத்தியம் இது. வருந்துவதில் பிழையில்லை. அந்த வருத்தத்துக்குள் பெரும்பாலும் வேறொன்று பதுங்கியிருக்கிறது. இந்த வெற்றி எனக்கு வந்துசேர வேண்டியது, யாரோ தராமல் ஏய்த்துவிட்டார்கள் என்கிற கணக்கு அது. வருத்தத்தால் பிறருக்குக் கெடுதல் குறைவு. கெடுப்பதெல்லாம் இந்தக் கணக்குதான். கல்லூரிக் கால்பந்து ரசிகர்களைப் பற்றி அரை நூற்றாண்டாகச் சேர்ந்திருக்கும் ஆய்வுகளும், அவர்களுடைய சில புகழ்பெற்ற தோல்விகளும் இதைத்தான் காட்டுகின்றன என்பது என் கட்சி.

நம் ஊரில் கால்பந்து என்றால் காலால் உதைத்து ஆடுவது. அங்கே அந்தப் பெயரில் ஆடப்படும் ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. நீள்வட்டப் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவது, எறிவது, ஓடுபவரை மோதிச் சாய்ப்பது என்றே நேரம் போகும். காலுக்கு எப்போதாவதுதான் வேலை. வரும்போது பல சமயம் ஆட்டத்தின் தலையெழுத்தே அந்த ஒரு உதையில் தொங்கும். ஆடுபவர்கள் மாணவர்கள், பெரும்பாலும் பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயதுக்குள் இருப்பவர்கள். பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒரே ஒரு எண் போதும்: மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கத்தின் இருக்கைகள் 1,07,601. ஒரு அணிக்கு வழக்கமான பருவத்தில் 12 ஆட்டங்கள்தான். பேஸ்பால் ரசிகருக்கு ஆண்டுக்கு 162 வாய்ப்புகள்; இன்று போனால் நாளை. கல்லூரிக் கால்பந்து ரசிகருக்கோ, செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை சறுக்கினாலும் பருவமே கோணிப்போய்விடும். போதாக்குறைக்கு, அலபாமா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் பெரிய தொழில்முறை லீக் அணி ஒன்றுகூடக் கிடையாது. அங்கே பல்கலைக்கழக அணிதான் ஊரின் அணி, மாநிலத்தின் அணி. அப்பா படித்த இடம், மகள் படிக்கப்போகும் இடம். இத்தனையும் ஒரு சனிக்கிழமையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்போது, தோற்றால் வலிக்காமல் என்ன செய்யும்? வலிக்கவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கணக்கு என்று சொன்னது எப்படிப்பட்டது என்பதற்கு 2024 நவம்பர் 30 நல்ல சாட்சி. ஓஹையோ மாநிலத் தலைநகர் கொலம்பஸில் ஓஹையோ ஸ்டேட் அணி தன் பரம வைரியான மிச்சிகனை எதிர்கொண்டது. மிச்சிகனுக்கு அந்த ஆண்டு சுமாரான பருவம். ஓஹையோ ஸ்டேட் நாட்டின் இரண்டாம் தரவரிசையில் இருந்தது. சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் ஓஹையோ ஜெயிக்கும் என்று பந்தயச் சந்தை விலை கட்டியிருந்தது. நடந்தது 13-10, ஜெயித்தது மிச்சிகன், தொடர்ந்து நான்காவது முறை. ஆட்டம் முடிந்ததும் வென்றவர்கள் மைதானத்தின் நடுவில் தங்கள் கொடியை நடப் போக, கைகலப்பு மூண்டது. காவலர்கள் மிளகுப்பொடித் திரவத்தைப் பீய்ச்சித்தான் பிரிக்க முடிந்தது. இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா ஒரு லட்சம் டாலர் அபராதம். தலைமைப் பயிற்சியாளர் ரயன் டேவை வீட்டுக்கு அனுப்பு என்ற கூச்சல் அன்று மாலையே கிளம்பிவிட்டது. சரியாக 51 நாள் கழித்து, 2025 ஜனவரி 20 அன்று, அதே பயிற்சியாளரின் கீழ் அதே பையன்கள் நோட்டர் டேமை 34-23 என்று வீழ்த்தி தேசிய சாம்பியன் ஆனார்கள். அந்த ஆண்டுதான் இறுதிச்சுற்றுப் போட்டியை நான்கு அணிகளிலிருந்து 12 அணிகளாக விரித்திருந்தார்கள். பழைய விதி நீடித்திருந்தால் இரண்டு தோல்வி கண்ட ஓஹையோவுக்கு உள்ளே நுழையவே இடம் கிடைத்திருக்காது. அப்போதும் பையன்கள் இதே பையன்கள்தான், திறமையும் இதே திறமைதான். ரசிகரின் பேரேட்டில் மட்டும் அவர்கள் கடைசிவரை கடன்காரர்களாகவே இருந்திருப்பார்கள்.

தோல்வி மட்டும் தனியாக இந்த வேகத்தை உண்டாக்குவதில்லை என்பதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பொருளியலாளர்கள் ஒஸ்கான் எரென், நாசி மோகன் இருவரும் லூசியானா மாநிலச் சிறார் நீதிமன்றத் தீர்ப்புகளை லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் ஆட்ட முடிவுகளோடு பொருத்திப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, படித்தால் தூக்கம் கெடும். அணி ஜெயிக்கும் என்று எதிர்பார்த்திருந்த ஆட்டத்தில் தோற்றால், அதற்கு அடுத்த வாரம் நீதிபதிகள் சிறார்களுக்கு விதிக்கும் தண்டனைக் காலம் நீண்டிருக்கிறது. இழுபறியாக இருக்கும் என்று எதிர்பார்த்த ஆட்டத்தில் தோற்றபோது அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எதிர்பாராமல் ஜெயித்தபோது தண்டனை குறையவும் இல்லை. நீண்ட தண்டனையின் சுமை பெரும்பாலும் கறுப்பினச் சிறார்கள் தலையில் இறங்கியிருக்கிறது. சனிக்கிழமை இரவு ஒரு பந்து கைநழுவியதற்கு, அந்த ஆட்டத்தைப் பார்த்திராத ஒரு சிறுவன் வட்டி கட்டியிருக்கிறான்.

இது ஏதோ ஒரு மாநிலத்து விசித்திரம் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் டேவிட் கார்ட், கோர்டன் டால் இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே வடிவம்தான் தென்படுகிறது. அது தொழில்முறைக் கால்பந்தைப் பற்றியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். உள்ளூர் அணி நான்கு புள்ளிகளோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று சந்தை சொல்லியிருந்து, அது தோற்றுப்போன நாள்களில், மனைவி அல்லது காதலி மீது வீட்டுக்குள் ஆண்கள் நடத்தும் வன்முறை 10 சதவீதம் கூடியிருந்தது. சரிசமமாக இருக்கும் என்று எதிர்பார்த்த ஆட்டத்தில் தோற்ற நாள்களில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இரண்டு ஆய்வுகளிலும் தோல்வி தோல்விதான்; வித்தியாசமெல்லாம் ஆட்டம் தொடங்கும் முன்பே எழுதிவைத்த எதிர்பார்ப்பில் இருக்கிறது. வங்கிக்காரர்கள் மொழியில் சொன்னால், ஜெயிக்கும் என்று நம்பிய ஆட்டம் போனால் ரசிகர் அதை நட்டம் என்று எழுதி மூடுவதில்லை. வாராக்கடன் என்று எழுதிவைக்கிறார். வாராக்கடன் என்று எழுதிவிட்டால் வசூலுக்கு ஆள் கிளம்பியாக வேண்டும். கந்துவட்டி வசூல் எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டும் என்பது நமக்குத் தெரியாததா?

இங்கே ஒரு ஜாக்கிரதை தேவை. ரசிகர் மனநிலை பற்றி வரும் ஆய்வையெல்லாம் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. தேர்தலுக்கு முந்தைய நாள்களில் உள்ளூர்க் கல்லூரி அணி ஜெயித்தால் ஆளுங்கட்சிக்கு வாக்கு கூடுகிறது என்று 2010-இல் ஒரு ஆய்வு வந்து பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. 2015-இல் வேறு இரு அறிஞர்கள், அது தற்செயலான பொருத்தமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று வாதிட்டார்கள். அந்த மாதிரியை நான் சாட்சிக் கூண்டில் ஏற்றப்போவதில்லை. நீதிபதிகள் ஆய்வையும் வீட்டு வன்முறை ஆய்வையும் நம்புவதற்குக் காரணம், தனித்தனி ஆட்கள் தனித்தனி இடங்களில் தேடி, ‘எதிர்பாராத தோல்வி’ என்ற ஒரே கோட்டில் வந்து நின்றிருக்கிறார்கள் என்பதுதான்.

வசூல்காரர் முதலில் போவது ஆட்டத்தில் மிகத் தனியாக நிற்கும் பையனிடம். 2010 நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. அதுவரை தோல்வியே காணாத பாய்ஸி ஸ்டேட் அணி நெவாடாவில் ஆடியது. கடைசி நொடிகளில் 26 கஜத்திலிருந்து ஓர் உதை, கூடுதல் நேரத்தில் 29 கஜத்திலிருந்து இன்னொன்று. பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடியவை. இரண்டும் கம்பத்தைத் தாண்டி வெளியே போயின. 34-31 என்று தோல்வி. அன்றிரவே அந்த மாணவருக்கு மிரட்டல்கள் வரத் தொடங்கின. (அவர் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அந்த இரண்டு உதைகளை இத்தனை ஆண்டுகளாகச் சுமந்தது போதும்.) 2013 நவம்பர் 30-இல் அலபாமா அணி, ஆபர்னிடம் கடைசி நொடியில் 34-28 என்று தோற்றபோது, அன்று மூன்று உதைகளைக் கோட்டைவிட்ட மாணவருக்குக் கொலை மிரட்டல்கள் குவிந்தன. முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அவருக்குக் கைப்பட ஆறுதல் கடிதம் எழுதும் அளவுக்குப் போயிற்று. 2015 அக்டோபர் 17-இல் மிச்சிகன், ஆட்டம் முடிய 10 நொடி இருக்கும்வரை 23-21 என்று முன்னணியில் இருந்தது. பந்தை உதைத்து அனுப்ப வேண்டிய ஆஸ்திரேலிய மாணவரின் கையில் அது நழுவ, எதிரணி எடுத்துக்கொண்டு ஓடி 27-23 என்று முடித்தது. அவர் மேல் கொட்டிய வசவைப் பார்த்து, பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவரே ரசிகர்களைக் கண்டித்துப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டிவந்தது. மூன்றிலும் அணிகள் ஜெயித்துவிட்டதாகவே ரசிகர்கள் பாதி நம்பியிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதைச் செய்கிறவர்கள் அணியை மிக அதிகமாக நேசிப்பவர்கள், பாசம் முற்றிப்போய் இப்படி ஆகிறது என்று ஒரு சமாதானம் உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. உளவியலாளர் ராபர்ட் சால்டினியும் அவருடைய குழுவினரும் 1973 பருவத்தில் ஏழு பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமைதோறும் வகுப்பறைகளில் போய் எண்ணினார்கள். அணி ஜெயித்த வார இறுதிக்குப் பின் கல்லூரிப் பெயர் பொறித்த சட்டைகள் கூடுதலாகத் தென்பட்டன. தொலைபேசியில் மாணவர்களிடம் ஆட்ட முடிவைக் கேட்டபோது, வெற்றியைச் சொல்லும்போது “ஜெயித்தோம்” என்பது அதிகம் வந்தது. தோல்வி என்றால் “தோற்றார்கள்” பக்கம் சாய்ந்தார்கள். அதிலும், சற்றுமுன் வைத்த சின்னத் தேர்வு ஒன்றில் மோசமாகச் செய்ததாகச் சொல்லப்பட்டவர்களிடம் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. 1976-இல் வெளியான அந்த ஆய்வு ஆங்கிலத்தில் ஒரே ஒரு தன்மைப் பன்மையை வைத்துக்கொண்டு நடந்தது. நமக்கு இரண்டு இருக்கின்றன. எதிரணி ரசிகரிடம் மார்தட்டும்போது “நாங்கள் ஜெயித்தோம்”. கேட்பவர் அதில் சேர்த்தி இல்லை. தோற்றுவிட்டு உடைமாற்றும் அறையில் தலைகுனிந்திருக்கும் பையனைப் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல் “நாம் தோற்றோம்”; கேட்பவனையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் சொல். மிரட்டல் அனுப்புகிறவர் அந்தச் சொல்லிலிருந்து அந்தப் பையனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார். அதில் நேசம் முற்றிப்போனதற்கான அடையாளம் எங்கே இருக்கிறது?

கனமான மறுப்பு ஒன்று உண்டு. அதைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது. லூசியானா ஆய்விலேயே, அந்தப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை படித்த நீதிபதிகளிடம்தான் விளைவு பெரிதாக இருந்தது. அப்படியானால் பற்றுதானே விஷம்? பற்று குறைந்தால் பாதிப்பும் குறையும் அல்லவா? பாதி சரி. பற்று இல்லாதவருக்கு எதிர்பார்ப்பும் இல்லை, வசூலும் இல்லை. ஆனால் அதே நீதிபதிகள், இழுபறி என்று தயாராக இருந்த ஆட்டங்களில் தோற்றபோது யாருக்கும் தண்டனையைக் கூட்டவில்லையே; அந்த வாரங்களில் பற்று எங்கே போயிருந்தது? பற்று விறகு என்றால் எதிர்பார்ப்புதான் நெருப்பு. விறகு மட்டும் குவிந்திருந்து நெருப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வரலாறே ஒரு வேடிக்கையான உதாரணம் தருகிறது. சிகாகோவை அடுத்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அணி 1979 முதல் 1982 வரை தொடர்ந்து 34 ஆட்டங்களில் தோற்றது. 1981 நவம்பரில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 61-14 என்று உதை வாங்கி, தொடர் தோல்வியில் தேசியச் சாதனையே படைத்த அன்று, மாணவர்கள் மைதானத்துக்குள் இறங்கி கோல் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு, நாம்தான் படுமோசம் என்று கோஷம் போட்டார்கள். ‘அவர்கள் மோசம்’ என்று ஒருவரும் கத்தவில்லை. எதிர்பார்ப்பு பூஜ்யத்துக்கு இறங்கிய இடத்தில் ‘நாம்’ என்ற சொல் அலுங்காமல் நிற்கிறது. (கம்பத்தைப் பிடுங்கியதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒரு பையனைப் பிடுங்குவதைவிட அது தேவலை.)

எல்லோரும் நார்த்வெஸ்டர்ன் ஆகிவிட முடியுமா, எதிர்பார்ப்பே இல்லாவிட்டால் அணி எப்படி முன்னேறும், ரசிகரின் கோபம்தானே நிர்வாகத்தை நிமிர வைக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நிர்வாகத்தைக் கேள்வி கேட்பதை யாரும் தடுக்கவில்லை. ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் பெறுமான சம்பளம் வாங்கும் பயிற்சியாளரின் வியூகத்தைக் கிழித்துத் தொங்கவிடுவதிலும் குற்றமில்லை. ஆனால் இந்தக் கோபம் நிர்வாகத்தை நிமிர வைக்கிறதா, அவசரப்பட வைக்கிறதா? டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் தன் பயிற்சியாளரை, அணி 51-10 என்று ஜெயித்த மறுநாள், ஒப்பந்தப்படி 7.5 கோடி டாலருக்கும் மேல் கொடுக்க ஒப்புக்கொண்டு நீக்கியது. வேலை செய்யாமல் இருப்பதற்கு அவ்வளவு பணம். எதிர்பார்ப்பு கடனாக மாறிப்போன ஊரில் பல்கலைக்கழகமே வசூல்காரருக்குப் பயந்து வாழ்கிறது. ரயன் டேவை அந்த நவம்பர் இரவே கூட்டத்தின் கையில் கொடுத்திருந்தால் ஜனவரிக் கோப்பை எங்கே இருந்திருக்கும் என்று கொலம்பஸ்காரர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

இப்போது ஆடுகிறவர்கள் காசு வாங்குகிறார்கள், அதனால் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது என்பது புதிய வாதம். 2021 ஜூலையிலிருந்து மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம். மாற்றம் பெரியது, வர வேண்டிய மாற்றம்கூட. ஆனால் மேலே சொன்ன மூன்று மாணவர்களையும் மிரட்டிய ஆண்டுகளைப் பாருங்கள்: 2010, 2013, 2015. ஒருவர்கூட அப்போது ஆட்டத்துக்காகச் சம்பளம் வாங்கியவர் இல்லை. காசு வருவதற்கு முன்பே வசவு வந்துவிட்டது. காசு இப்போது அதற்கு ஒரு சாக்கு. உண்மையில் பணம் நுழைந்து கெடுத்த இடம் வேறு. 2018-இல் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிக்க வழிவிட்ட பிறகு, ரசிகரின் ‘கடன்’ உருவகமாகக்கூட இல்லாமல் போயிற்று; அசல் டாலராகவே கைப்பேசியில் நிற்கிறது. குறிப்பிட்ட மாணவர் இன்று எத்தனை கஜம் ஓடுவார் என்று பந்தயம் கட்டிவிட்டு, அவர் ஓடாததற்கு அவரையே திட்டுகிறார்கள். கல்லூரி விளையாட்டு அமைப்பின் தலைவர் சார்லி பேக்கர் 2024-இல் தனி மாணவர் மீதான இத்தகைய பந்தயங்களைத் தடை செய்யக் கோரினார். ஓஹையோ மாநிலம் தடையும் செய்தது. இன்னும் செய்யாத மாநிலங்களும் செய்ய வேண்டும். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள் என்று ரசிகருக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு, அதை மணிக்கொருமுறை விலைபோட்டு விற்கும் கடையைத் திறந்து வைத்திருப்பது பித்தலாட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரசிகர் என்னதான் செய்வது? இதற்கும் ஆய்வில் ஒரு சின்ன வழி கிடைக்கிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் திமோதி வில்சன், டேனியல் கில்பர்ட் முதலியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கால்பந்து ரசிகர்களான மாணவர்களிடம் ஆட்ட முடிவு தங்கள் மனநிலையை எத்தனை நாள் ஆட்டிவைக்கும் என்று கேட்டார்கள். உண்மையில் நடந்ததைவிட மிக அதிகமாகவே மாணவர்கள் கணித்தார்கள். வரப்போகும் நாள்களில் படிப்பு, சாப்பாடு, நண்பர்கள் என்று எதெதற்கு எவ்வளவு நேரம் செலவாகும் என்று முதலில் எழுதச் சொல்லப்பட்டவர்கள், அவ்வளவு மிகையாகக் கணிக்கவில்லை. வலி எவ்வளவு நாள் நீடிக்கும் என்று நாம் போடும் கணக்கும் பெரும்பாலும் தப்புக் கணக்குதான். புதன்கிழமைக்குள் அது தானாகவே இறங்கிவிடும். அந்த மூன்று நாளில் யாருக்கும் எதையும் அனுப்பாமல் இருந்தால் சரி.

பாய்ஸி மாணவர் இரண்டு உதைகளைக் கோட்டைவிட்ட அதே 2010 நவம்பர் 26 அன்று, அலபாமா மாநிலத்தில் இன்னொரு ஆட்டமும் நடந்தது. அலபாமா அணி தன் சொந்த மைதானத்தில் ஆபர்ன் அணியை எதிர்த்து 24-0 என்று முன்னணியில் இருந்து, கடைசியில் 28-27 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. இந்தக் கட்டுரையில் வரும் தோல்விகளிலேயே கடன் மிகப் பெரிதாக எழுதப்பட்ட தோல்வி இதுவாகத்தான் இருக்கும். ஆபர்ன் ஊரில் டூமர்ஸ் கார்னர் என்ற முனையில் இரண்டு பழைய ஓக் மரங்கள் இருந்தன. வெற்றி நாள்களில் அந்த ஊர்க்காரர்கள் காகிதச் சுருள்களை அவற்றின் மேல் வீசிக் கொண்டாடுவார்கள். அலபாமா ரசிகர் ஒருவர் அந்த மரங்களின் வேரில் களைக்கொல்லியைக் கொட்டினார். 2011 ஜனவரியில் வானொலி நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைத்துப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார். வழக்கு, சிறை எல்லாம் பிறகு வந்தன. அவர் எங்கள் ஆள் இல்லை என்று கைகழுவிவிட்டு மற்ற அலபாமா ரசிகர்கள் நகர்ந்திருக்கலாம். சால்டினியின் கணக்குப்படி மனித இயல்பும் அதுதான். அவர்களில் ஒரு பகுதியினர் அப்படிச் செய்யவில்லை. தங்களை ஒரு புள்ளியில் தோற்கடித்த ஊரின் மரங்களைக் காப்பாற்ற, அணியின் பெயரிலேயே ஒரு நிதி திரட்டி, சுமார் 50,000 டாலர் அனுப்பிவைத்தார்கள். மரங்கள் பிழைக்கவில்லை. 2013 ஏப்ரலில் வெட்டி எடுத்தார்கள். 2015-இல் அதே முனையில் புதிய ஓக்குகளை நட்டார்கள்.